வெயில் எறித்த ஐந்து நாட்கள்

குலசிங்கம் தன் அறுபத்து மூன்று வயதுக்குள் ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. ஆனால் கற்றலீனா என்ற கடல் விமானத்தின் சிறகு முனைக்கு முனை நூற்றுநான்கு அடி என்பதை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். துறைமுகப் பக்கத்து ஆலையொன்றில் முப்பத்தைந்து வருடம் கடைசல் இயந்திரத்தோடு நின்ற மனிதர். எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதன் அளவுதான் முதலில் அவர் கண்ணில் படும். அந்த ஆலையின் அலுவலகச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. உலக யுத்தக் காலத்துச் சீனன்குடா விமானத் தளம். தண்ணீரில் ஐந்தாறு கடல் விமானங்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் இரு புறமும் ஒரு கண்ணாடிக் குமிழ், தவளைக் கண் மாதிரிப் பிதுங்கியிருக்கிறது. லீவுக் கடிதம் கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிடுவார். பின்னால் நிற்பவன் முதுகில் குத்துவான்.

வீட்டில் அதைக் கடதாசியில் கீறத் தொடங்கினார். பக்கத்திலிருந்து, மேலிருந்து, முன்னாலிருந்து என்று பதினேழு படம், ஒவ்வொன்றிலும் அளவு எழுதி. என்றைக்காவது மரத்தில் செதுக்கிப் பார்ப்பதாக எண்ணம். தொண்ணூற்றேழில், அவர்கள் குடியிருந்த அன்புவழிபுரத்தை ஆமி சுற்றிவளைத்த ஒரு காலையில், அவர் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நிற்க, மனைவி தங்கரத்தினம் அலுமாரியைத் திறந்து பதினேழையும் எடுத்து அடுப்புக்குள் வைத்தாள். மேலே புட்டு அவிந்துகொண்டிருந்தது. சில மைல் தூரத்தில் விமானத் தளம் இருக்கிற ஊரில், ஒரு தமிழ் ஆளின் வீட்டில் அளவெழுதிய போர் விமானப் படம் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. ஆமிக்காரர் வந்தார்கள். அலுமாரியைக் கிளறினார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், போனார்கள்.

குலசிங்கம் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் செய்தது சரி என்பது தெரிந்ததால்தான் கதைக்க முடியாமல் இருந்தது. அவளும் அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கதை அப்படியே கிடந்தது, இருபத்தைந்து வருடம்.

அவர் ஓய்வுபெற்று, வேலையில்லாமல் குசினிக்குள் வந்து சட்டி மூடிகளைத் திறந்து திறந்து பார்க்கத் தொடங்கிய காலத்தில், தங்கரத்தினம் சுவிஸிலிருக்கும் தன் தமக்கையின் மகளைப் பிடித்து ஒரு பெட்டி அனுப்புவித்தாள். பெட்டியின் மேல் கற்றலீனா. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் துண்டுகள்.

"என்ர குசினியை விட்டு வெளியில இருக்க உங்களுக்கு ஒரு வேலை. இந்தாங்கோ," என்றாள். எரித்ததைப்பற்றி அப்போதும் பேச்சில்லை. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான்.

வழியில் யாரோ பெட்டிமேல் பாரம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் துண்டுகள் மட்டும் முழுக்க நொறுங்கிப்போயிருந்தன. வேறு எடுத்து அனுப்புகிறேன் என்று சுவிஸ் பிள்ளை சொல்ல, "வேண்டாம் பிள்ளை, அதை நான் செய்வன்," என்றார்.

அதே மாதத்தில்தான் தங்கரத்தினத்தின் கால்கள் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். தன்னுடையதில் ஒன்றை எடுக்கச் சொல்லிக் குலசிங்கம் கேட்டார். இருபது வருடச் சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்தை யார் எடுப்பார்கள்? கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாலு நாலு மணித்தியாலம் ஆசுப்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும் என்று எழுதித் தந்தார்கள்.

முதல் நாள் கட்டிலில் கிடந்தபடி அவருடைய முகத்தைப் பார்த்துத் தங்கரத்தினம் சிரித்தாள்.

"ஏன் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியள்? உங்கட பிளேன் முடியிற மட்டும் நான் ஒரு இடமும் போகன். போய் வெளியில இருந்து உங்கட வேலையைப் பாருங்கோ."

அவர் போய் வெளியிலிருந்து தன் வேலையைப் பார்த்தார். விறாந்தை முடிவில் ஒரு வாங்கு. மடியில் ஒரு பிஸ்கட் தகரம், அதற்குள் சிறு அரங்கள், பிளேட், பசைப் போத்தல். செத்துப்போன மணிக்கூடொன்றின் பல்சக்கரத்தை ஈர்க்குத் தடியில் பொருத்தி, அதை உருட்டி உருட்டி விமானத்தின் உடம்பு முழுக்க ஆணித் தலைகள் மாதிரிப் புள்ளிகள் பதித்தார். தன் இன்சுலின் ஊசிகளை வெட்டித் துப்பாக்கிக் குழாய் செய்தார். ஏரியல் கம்பிக்குத் தங்கரத்தினத்தின் சீப்பிலிருந்து ஒரு மயிரை எடுத்தபோது பிடிபட்டார்.

"வெள்ளை மயிர் என்னத்துக்கு உதவும்? கறுத்தது வேணுமெண்டால் இருபது வருசத்துக்கு முந்திக் கேட்டிருக்கோணும்."

வாங்கின் மற்ற முனையில் கிண்ணியா ஜமால்தீன் இருப்பார். அவருடைய மனைவி சித்தி பரீதாவுக்கும் அதே நாட்கள், தங்கரத்தினத்துக்கு அடுத்த கட்டில். ஜமால்தீனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன ஐயா, ஒங்கட பிளேன் இன்னும் எழும்பல்லயா? சண்டை முடிஞ்சி எண்வது வருசமாகுது."

"எழும்பும், நானா. நீங்கள் அவசரப்படுத்தாதேங்கோ."

"நான் அவசரப்படுத்தல்ல. உள்ளுக்க ரெண்டு பொம்புளைகளுக்கும் இதுதான் கதை. வீட்டுக்குப் போனா எனக்கும் இதுதான்."

இடுப்புக் குமிழ்கள்தான் கடைசி வேலை, பெரிய வேலையும் அதுதான். வேப்பங்கட்டையில் அச்சுச் செதுக்கி, சட்டைப் பெட்டிகளின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடியைச் சட்டத்தில் இறுக்கி, அடுப்புக்கு மேல் பிடித்து, அது இளகித் தொய்கிற கணத்தில் அச்சின்மேல் அழுத்தவேண்டும். பிந்தினால் ஓட்டை, முந்தினால் சுருக்கம். அந்தக் கணத்தைப் பிடித்துக் கொடுத்தவள் தங்கரத்தினம். அப்பளம் பொரித்த கண் அவளுடையது. குசினி வாசலில் கதிரை போட்டிருந்து, "இப்ப! இப்ப அழுத்துங்கோ!" என்பாள். மரத்தின் ரேகை கண்ணாடியில் பதிகிறது என்று அவர் அலுத்துக்கொண்டபோது, மகள் ஜெயரூபி விட்டுப்போன பழைய கியூட்டெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலை எடுத்துக் கொடுத்து, அச்சுக்கு மூன்று தரம் பூசச் சொன்னவளும் அவள்தான். காய்ந்த பிறகு அதற்கு மேல் குழந்தைப் பவுடரைத் தடவினால் ஒட்டாது என்பதை அவர் கண்டுபிடித்தார். நாற்பதுக்கு மேல் குமிழ்கள் பழுதாய்ப் போயின. அவள் முன்பு அரை மணி இருப்பாள். பிறகு கால் மணி. பிறகு அறைக் கட்டிலில் கிடந்தே, "இப்பவா?" என்று கேட்பாள்.

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமையொன்றில், அவள் நித்திரையாய்க் கிடந்த நேரம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குமிழ்கள் வந்தன. சுருக்கமில்லை, புகைச்சலில்லை. தண்ணீர்த் துளியை நறுக்கி வைத்த மாதிரி இருந்தன. குலசிங்கம் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் நின்றார். சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. இனி ஒட்டி, வெள்ளை அடித்தால் விமானம் முடிந்துவிடும். முடிகிற மட்டும்தானே அவள் ஒரு இடமும் போகமாட்டேன் என்றவள்.

சாத்திரம், நேர்த்தி என்று அலைகிற ஆளல்ல அவர். அளவு பார்க்கிற ஆள். ஆனாலும் அவள் எழும்பி, "எப்பிடி வந்தது?" என்று கேட்டபோது, "புகைஞ்சு போச்சு, எறிஞ்சிட்டன்," என்றார். குமிழ்கள் பஞ்சுக்குள் சுற்றிப் பிஸ்கட் தகரத்தின் அடியில் போயின.

ஒளித்தவர் ஒளித்தபடி இருந்திருக்கலாம். ஆனால் நல்ல வேலை செய்தவனுக்கு அதை ஒரு ஆளுக்காவது காட்டாமல் இருக்க ஏலாது. அடுத்த நாள் விறாந்தையில், ஓரம் தேய்க்கிற சாட்டில், ஜமால்தீனின் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். ஜமால்தீன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சுவர் மணிக்கூட்டை அதற்குள்ளால் பார்த்தார்.

"அல்லாஹ்வே, முள்ளும் கோணல்ல! எந்தக் கம்பனியில வாங்கின?"

"நான் செய்தது," என்றார் குலசிங்கம், தலையைக் குனிந்தபடி.

ஜமால்தீன் தேத்தண்ணி கொண்டு உள்ளே போனார். பரீதாவுக்குச் சொன்னார். பரீதா அடுத்த கட்டிலுக்குச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஓட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த தங்கரத்தினம், "குமிழ் ரெண்டும் நல்லா வந்திட்டுதாமே," என்றாள்.

குலசிங்கம் வெளியே பார்த்தார்.

"ஊராருக்கெல்லாம் காட்டலாம், எனக்குக் காட்டேலாதோ? ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"நீ அண்டைக்குச் சொன்னனீ..."

"என்ன சொன்னனான்?"

"முடியிற மட்டும் போகனெண்டு."

ஓட்டோக்காரன் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான். தங்கரத்தினத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இருமல். இருமி முடிய முகம் மாறிவிட்டது.

"விசர் மனுசன். அது பகிடிக்குச் சொன்னது. நீங்கள் முடிச்சாலும் முடிக்காட்டியும் நான் போற நேரம் போவன். நான் ஒருக்கா உங்கட பிளேனை எரிச்சனான். இதை முழுசாக் கண்ணால பாக்கோணும். பாதியில விட்டிட்டுப் போனால், ரெண்டாந்தரமும் நான் எரிச்ச மாதிரித்தான்."

எரித்த கதையை அவள் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. "வாற வெள்ளிக்குள்ள முடிக்கிறன்," என்றார் அவர்.

முடிக்கத்தான் நினைத்தார். குமிழ்களை வைக்க முன் உடம்புக்கு வெள்ளை அடித்தார். அது மாரி. காற்றெல்லாம் ஈரம். அடித்த வெள்ளை காயக் காயப் பால் பூத்து மங்கியது. தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தார், திரும்பவும் பூத்தது. "மழை விடட்டும்," என்றார். அது உண்மை. தங்கரத்தினமும் ஒப்புக்கொண்டாள். இரண்டு கிழமை மழை விடவில்லை.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை வானம் வெளித்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நல்ல வெயில். உப்புவெளிப் பக்கம் கருவாடு காயப்போட்டார்கள், முற்றத்துக் கொடியில் துணிகள் மதியத்துக்குள் முறுகின. குலசிங்கம் விமானத்தை வெளியே எடுக்கவில்லை. சுவர் ஓரத்துக் குழாய் ஒழுகுகிறது என்று அதைத் திருத்தினார். பிறகு வாசல் படலையைத் திருத்தினார்.

ஞாயிறு பின்னேரம் தங்கரத்தினம் அறையிலிருந்து, "வெளியில வெயிலெல்லே எறிக்குது?" என்றாள்.

"ஓம். ஆனா அடிப்பூச்சு இன்னும் இறுகேல்லை."

முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவளுக்கு எது பூச்சு, எது பொய் என்று தெரியாதா? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கெஞ்சுகிற பழக்கம் அவளிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை, மெசினில் போட்டு இரண்டாவது மணியில் இரத்த அழுத்தம் விழுந்தது. உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது. காலை பதினொன்று பத்துக்குத் தாதி இன்ஷிரா மிஸ் வெளியே வந்து, "ஐயா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்க," என்றாள். குலசிங்கத்தின் மடியில் பிஸ்கட் தகரம் திறந்தபடி இருந்தது. அதை மூடி வாங்கில் வைத்துவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் படையல் வைத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்கிற வழக்கம். ஜெயரூபி நண்டுக் குழம்பு, தோடம்பழம், தாயின் மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, "அப்பா, அந்தப் பிளேனையும் கொண்டுவந்து வையுங்கோவன். அம்மாவுக்கு அது விருப்பம்," என்றாள்.

"அது முடியேல்லை."

"முடியாட்டி என்ன? வையுங்கோ."

"அவள் கேட்டது முழுசாப் பாக்க. பாக்கக் கண் இருக்கேக்க," என்று சொல்லிவிட்டு எழும்பி வெளியே போனார். அழுகை வருகிறதாக்கும் என்று மகள் விட்டுவிட்டாள்.

வெளியே கதிரையில் ஜமால்தீன் இருந்தார். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர். அன்றைக்கு அவரிடம் பகிடி இல்லை. போகும்போது மட்டும் சொன்னார்: "எண்ட மனுசி கேக்கச் சொன்னா, ஐயா. அந்தப் பிளேன ஒருக்காக் கொண்டந்து காட்டுவீங்களா எண்டு. பதினாலு மாசமாக் கேட்டுக்கேட்டு இருந்தவ."

அடுத்த நாள் நல்ல வெயில். குலசிங்கம் முற்றத்தில் மேசையைப் போட்டு வெள்ளை அடித்தார். பூக்கவில்லை. குமிழ்களின் ஓரத்துக்கு வெள்ளைப் பசை தடவி, இரண்டு பக்கமும் வைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்தார். நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார். காய்கிற நேரத்தை விட்டால், கை வேலை ஒரு மணியும் நாற்பது நிமிடமும். அவ்வளவுதான் மிச்சமிருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, விமானத்தை ஒரு கேக் பெட்டியில் வைத்து மடியில் தாங்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனார். இன்ஷிரா மிஸ் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிசம், ஐயா. அதுக்கு மேல ஏலாது," என்று கதவைத் திறந்துவிட்டாள். தங்கரத்தினத்தின் கட்டிலில் வேறொரு மனுசி, சின்ன வயது, மறுபக்கம் பார்த்துப் படுத்திருந்தாள்.

சித்தி பரீதா குழாய் போட்ட கையை அசைக்காமல் தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். குலசிங்கம் பெட்டியைச் சரித்துப் பிடித்தார்.

"அக்கா சொன்னத விடச் சின்னன்," என்றாள் பரீதா. "அவ கையை விரிச்செல்லா காட்டின, இவ்வளவு பெரிசு எண்டு. மத்ததெல்லாம் சரி. வெள்ளை, நல்ல பளபளப்பு எண்டா. ரெண்டு பக்கமும் கண்ணாடி, உள்ளுக்க துவக்குத் தெரியும் எண்டா. ஓம், தெரியுதுதான். நேர்ல பாத்த மாதிரியே சொன்ன மனுசி." பிறகு கேட்டாள்: "அவ இதப் பாத்துட்டுத்தானே ஐயா போன?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். பரீதாவுக்கு அதுவே போதும்.

"இல்லை," என்றார் குலசிங்கம். "நான் காட்டேல்லை. அஞ்சு நாள் வெயில் எறிச்சது. நான்தான் செய்யேல்லை."

பரீதா தலையைத் தலையணையில் சாய்த்தாள். பக்கத்தில் மெசின் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியை மூடவில்லை. அவள் சாய்ந்தபடியே பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தார். கை நோக நோக, மிஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.