மஜீதா அக்காவின் கணினிக்குப் பொருந்திய ரேம்

மலாக்காவின் காஜா பேராங்கில் மஜீதா அக்காவின் கடைக்குள் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அரசாங்கப் படிவம் நிரப்புவார், நகல் எடுப்பார், கல்யாண அழைப்பிதழைத் தமிழிலும் மலாயிலும் தட்டச்சு செய்வார். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நின்ற படிப்பு. அதற்கு முன்பே, அத்தாவின் பொத்தான் கடையில் பாதி நாள் கழித்தவர்.

2005இல் அவருக்கு முதன்முதலாக ஒரு புத்தக வேலை வந்தது. கம்போங் செட்டி குடியிருப்பைச் சேர்ந்த ராஜரத்தினம் தங்கள் கோயில் விழாவுக்குக் குடும்பப் படங்கள் நிறைந்த மலர் கேட்டிருந்தார். நாற்பது பக்கம் வரை ஓடிய கணினி, அடுத்த படத்தைச் சேர்த்ததும் உறைந்துபோனது.

"போலே சியாப் கா, காக்?" சனிக்கிழமைக்குள் முடியுமா என்று ராஜரத்தினம் மலாயில் கேட்டார். முடியாவிட்டால் செமாபோக் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார்.

வேலை தேடும் விண்ணப்பங்களை நகல் எடுக்கப் போயிருந்த நான், "ரேம் பத்தல அக்கா. ஐந்நூத்திப் பன்னிரண்டு போட்டா பறக்கும்" என்றேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். கணினிப் பட்டம். நானே போய் வாங்கியும் வந்தேன். நான்கு வருடப் படிப்பில் ஒரு ரேம் அட்டையைக்கூடக் கையால் தொட்டதில்லை என்பதை அவரிடம் ஏன் சொல்லவில்லை?

வாங்கிவந்தது கணினிக்குள் அதற்கான இடத்தில் உட்காரவில்லை. அழுத்தினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, சட்டைக் காஜாவுக்குள்ள நுழையலன்னா பொத்தான சுத்தியலால அடிப்பியா?"

"அளவு சரிதான் அக்கா."

"எந்த அளவு? பாத்தியா, கேட்டியா?"

ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றேன். படிவத்துக்கு ஆள் காத்திருக்கையில் கணினியை எப்படி நிறுத்துவது என்றார் அக்கா. மதியம் லுஹர் தொழுகைக்குக் கடை மூடும் நேரத்தில் அதை அணைத்து, ரேமைக் கழற்றி வெள்ளைத்தாளில் வைத்தார். பென்சிலால் ஓரத்தைச் சுற்றி வரைந்தார். அடிப்பக்கத்து வெட்டு எங்கே இருக்கிறதோ அங்கே கோட்டை அழுத்தினார். ஒட்டியிருந்த சீட்டின் எழுத்துகளையெல்லாம், புரிந்ததோ இல்லையோ, அப்படியே எழுதினார். துணி கொண்டுவராத வாடிக்கையாளருக்கு அத்தா பொத்தானை இப்படித்தான் வரைந்து வைப்பாராம். ரேம் திரும்ப உள்ளே போனது.

கணினிக் கடை சிஹாபுதீன் அண்ணன் நான் நீட்டிய தாளைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா, ஜாதகமா? பொருத்தம் பாக்கவா?"

"பாருங்கண்ணே."

நான் வாங்கியதை அதன்மேல் வைத்தார். நீளம் ஒன்றே. வெட்டு மட்டும் கோட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றது. சிரிப்பு அடங்கியது. "இது டி.டி.ஆர். ரெண்டுங்குற ரகம். உங்கக்காவோடது ஒண்ணு. அடிச்சு ஏத்தியிருந்தா போர்டு போயிருக்கும்லா." உள்ளிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். வெட்டு கோட்டில் விழுந்தது.

"இதுல நானூறுன்னு இருக்கு. தாள்ல முந்நூத்தி முப்பத்து மூணு" என்றேன்.

"வேகமான மாப்பிள்ளை, மெதுவான பொண்ணு. சேந்து நடந்தா பொண்ணு வேகத்துலதான் நடப்பாரு. குடும்பம் ஓடும், போ."

புதியதைப் பொருத்தியதும் கணினி விட்டுவிட்டுக் கூவியது. அக்கா அதை அணைத்து, குனிந்து பார்த்தார். ஒரு பக்கக் கவ்வி பாதிதான் மூடியிருந்தது. எடுத்து, மறுபடி வைத்து, இரு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினார். பழைய இருநூற்று ஐம்பத்தாறும் சேர்ந்து திரையில் எழுநூற்று அறுபத்தெட்டு வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் யாருடைய கல்யாணப் படமோ மெல்ல முழுசாகத் தெரிந்தது.

"அந்த வெட்டு ஏன் நட்ட நடுவுல இல்ல?" என்று கேட்டார் அக்கா.

யோசித்தேன். "நடுவுல இருந்தா திருப்பியும் சொருகலாமே, அதனாலயோ?"

"அப்பிடித்தான் இருக்கணும்" என்றார், இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டே.

சனிக்கிழமை ராஜரத்தினம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இன்னும் எட்டுப் படம் சேர்க்க முடியுமா என்று தயங்கிக் கேட்டார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, படங்களுக்காகக் கையை நீட்டினார்.