கருஞ்சீரகமா, மாத்திரையா, ரத்தமா?

மாலை நாலு பத்து. ஜங்லிகாட் கடையில் கருஞ்சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் வேலை பார்க்கும் என் மகள் நஸ்ரின் ஆபீசிலிருந்து போன் செய்தாள்.

“வாப்பா, பயப்படாதீங்க. வெளிக்குக் கருப்பாப் போகுது. கரி மாதிரி.”

இரைப்பையில் கிருமி, லேசாகப் புண்ணும் இருக்கிறது என்று டாக்டரம்மா இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதியிருந்தார். வேளைக்கு ஒரு கைப்பிடி. என் பங்குக்கு நானும் கருஞ்சீரகம், ஓமம், சுக்கு, அதிமதுரம் இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்து வந்தேன். நாட்டுமருந்துக் கடைக் கவுண்டரில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறவன். கை சும்மா இருக்காது.

கருஞ்சீரகமும் கருப்புதான். அதுவா? மாத்திரையா? புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தாலும் கருப்பாகப் போகும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

“பொடியை நிறுத்தும்மா,” என்றேன். உடனே, “இல்ல, மாத்திரையை நிறுத்து.” அப்புறம், “ரெண்டையும் நிறுத்து.”

“ஏதாவது ஒன்னு சொல்லுங்க வாப்பா. ஊருக்கெல்லாம் மருந்து சொல்றீங்கல்ல?”

“அடுத்த ஃபெர்ரியில ஏறி வா. ஜெட்டியில நிக்கிறேன்.”

எதிரே நின்ற வங்காளி அம்மா பொட்டலத்தைக் காட்டி, “பாய், பேட் கே லியே டீக் ஹை நா?” என்றார். வயிற்றுக்கு நல்லதுதானே என்று தினமும் பத்துப் பேராவது கேட்பார்கள். ‘பக்கா’ என்பேன். அன்று அந்த வார்த்தை வரவில்லை.

“பதா நஹீ, தீதி. தெரியல.”

கல்லாவிலிருந்து முதலாளி தலையைத் தூக்கினார். “என்ன பாய், வியாபாரத்துக்கு வேட்டு வைக்கிறீரு?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் மாதுளைத் தோல் கஷாயம் என்றார். வங்காளி அம்மா வில்வப்பழம் என்றார். நானும் மற்றவர்களுக்கு இப்படித்தான் சொல்லியிருப்பேன். என் பிள்ளை என்றதும் எதுவும் காதில் ஏறவில்லை.

சாத்தம் ஜெட்டியில் அவள் இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருப்பதுபோல் இருந்தது. வெயிலா, ரத்தம் போனதா, புரியவில்லை.

“மயக்கமா இருக்காம்மா?”

“நீங்கதான் விழுந்திருவீங்க போல இருக்கு. ஆட்டோவைக் கூப்பிடுங்க.”

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள்; மலச் சோதனையும் செய்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது, அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததுதான்: பொட்டலம் கட்டும் முன், ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. நம் பொடி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் முன்பு எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

கடைசியில் டாக்டரம்மா வந்தார்.

“ரத்தக் கசிவு இல்ல. மாத்திரையில ஒன்னு அப்படித்தான் கருப்பாக்கும். நிறுத்திடலையே?”

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். “சாயங்கால வேளை மட்டும் விட்டுப்போச்சு மேடம்.”

“இப்பவே போடும்மா. பாதியில விட்டா கிருமி போகாது.” பிறகு, அவரிடம் காட்டக் கடையிலிருந்தே நான் எடுத்து வந்திருந்த பொடி டப்பாவைப் பார்த்தார்.

“நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்க பாய். மாத்திரை முடியற வரைக்கும் அது உங்க கடையிலேயே இருக்கட்டும்.”