பார்க்காமல் எழுதிய எண்கள்

பிள்ளைகளா, அப்பா பொய்யே சொல்லமாட்டார் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினீர்களே, இதையும் படியுங்கள்.

பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் நான் சொட்டுநீர் வால்வு பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். ஒல்லியானவர், வெயிலில் கறுத்த முகம். மண் அமுங்கினால் தண்ணீரின் வழி மாறிவிடும் என்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாத்தியோரம் நடப்பார். மண்ணுக்குள் நீர் எப்படி இறங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. தண்ணீர் பாயும்போது, மண்ணில் ஈரம் ஏற ஏற இறங்கும் மீட்டர் முள்ளைக் கால்மணிக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. நானோ டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமென்று எண்களைச் சீராகக் குறைத்து எழுதினேன்.

ஒருநாள் லேப்டாப்போடு வந்தார்.

“தண்ணி கொஞ்ச நேரம் நின்னு, அப்புறம் சட்டுனு எறங்கும்னு என் கணக்கு சொல்லுதுண்ணா. உங்க நோட்டுல படிக்கட்டு மாதிரி எறங்குது. இத்தனை மாசம் நான் போட்டது தப்பு. மொதல்ல இருந்து போடணும்.”

“மீட்டர் ரிப்பேரா இருக்கும்மா.”

“அப்படின்னா கூடவே உக்காந்திருந்த நீங்க சொல்லியிருப்பீங்களே! என் மண்டையிலதான் களிமண்ணு” என்று சிரித்தார்.



அவர் போனதும் வால்வைத் திறந்துவிட்டு மீட்டர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். வெகுநேரம் முள் அசையவில்லை. பிறகு சட்டென்று சரிந்தது. நோட்டை எடுத்து, ‘இதுவரை எழுதியது எதையும் நான் பார்த்து எழுதவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, போனை அணைத்தேன்.