சேர்த்த நாள்

தையல்காரம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் சீமாட்டி பெருமூச்சு விட்டபடி படுத்திருந்தது. பெயருக்கு ஏற்ற நாய்தான், மெத்தை இல்லாமல் படுக்காது. வயிறு மெத்தைக்கு வெளியே பிதுங்கித் தரையைத் தொட்டது. அவள் கணக்குப்படி நாள் தாண்டிவிட்டது, இன்னும் வலி எடுக்கவில்லை.

"ஆபரேஷனுக்குச் சொல்லிடலாமா?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"போன தடவை அப்படிச் சொல்லித்தானே எல்லாம் போச்சு?"

போன தடவை பழைய டாக்டர் ஆபரேஷன் செய்துதான் குட்டிகளை எடுத்தார். ஒன்றுகூடத் தங்கவில்லை. மயக்க மருந்தைக் கூட்டிவிட்டார், கத்தி பிடிக்கத் தெரியாதவர் என்று நாய் வளர்க்கிற ஒருவரையும் விடாமல் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாள். துணி வெட்டுகிறவள் ஆயிற்றே, அடுத்தவர் வெட்டில் குற்றம் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா! இப்போது வெட்டினாலும் பயம், வெட்டாமல் விட்டாலும் பயம். குட்டிகள் உள்ளேயே செத்துப்போனால் தாயும் பிழைக்காதே.

கடைசியில் கணவர் ஆட்டோ பிடித்தார். புது டாக்டர் சின்னப் பெண். ஸ்கேன் செய்து பார்த்தார்.

"துடிப்பெல்லாம் நல்லா இருக்கும்மா. எப்போ சேர்த்தீங்க?"

தையல்காரம்மா தேதியைச் சொன்னாள்.

"அன்னைக்கே ரெண்டும் கூடிடுச்சா?"

"அன்னைக்கே எப்படிங்க? அன்னைக்குத்தானே ஆண் நாய் வீட்ல கொண்டுபோய்ச் சேர்த்தேன். இவளுக்குப் புது இடம்னாலே கோபம் வரும். பக்கத்துல விடவே ஒரு வாரம் ஆச்சு."

"அப்போ சேர்த்தேன்னா, விட்டுட்டு வந்தேன்னு அர்த்தமா?"

"ஆமா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிற மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டார். "நாங்க கூடின நாளைத்தாம்மா கேக்குறோம். இவளுக்கு இன்னும் நாளே ஆகலை. இன்னைக்கு எடுத்திருந்தா குட்டிக்கு மூச்சு விடக்கூட நுரையீரல் தயாரா இருந்திருக்காது. தைரியமா கூட்டிட்டுப் போங்க."

ஆட்டோவில் நாயின் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். போன தடவை பழைய டாக்டரும் இதைத்தான் கேட்டார். அவளும் இப்படித்தான் பதில் சொன்னாள்.

"அவரும் இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் கணவர். அவளைத் தேற்றத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நாய் புரண்டு படுத்தால் இவள் எழுந்து உட்கார்ந்தாள். ஒருவழியாக வலி எடுத்தது. முதல் குட்டி வந்தது, தாய் நக்கியது, குட்டி வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. அடுத்தது அதைவிடப் பலமாகக் கத்தியது. தையல்காரம்மா சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"எல்லாம் நல்லபடியா வருதே, ஏம்மா அழுவுற?" என்றார் கணவர்.

"போன தடவை ஒண்ணுகூடக் கத்தலைங்க. மூச்சு விட வர்றதுக்குள்ள நான்தானே வெளிய எடுக்க வச்சேன்."