சீனியில் விழுந்த உப்பு

எங்கள் அம்மா கை தவறி எதையும் கொட்டுகிறவள் அல்ல. எண்ணெய்த் தூக்கிலிருந்து சீசாவுக்குப் புனல் இல்லாமல் ஊற்றுவாள். ஒரு சொட்டு வெளியே போகாது. அப்படிப்பட்டவள், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து எதையாவது கொட்டினாள். அதில் ஏதோ வினோதம் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு பிள்ளையைப் பெற்று, பகல் முழுக்க அவன் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருக்கும் இந்த வயதில்தான் யோசிக்கிறேன். யோசிப்பது சரியா என்பதும் தெரியவில்லை.

நாங்கள் அப்போது முத்தையாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். புதுத் துறைமுகம் வந்த புதிது. கப்பல் சங்கு ஊதினால் எங்கள் அடுப்படிவரை கேட்கும். அப்பா ஹைஸ்கூலில் சயின்ஸ் வாத்தியார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடு தங்கியிருந்தார். ஏற்கெனவே இரண்டு வேலைகளை விட்டுவிட்டு வந்தவர். அந்தக் கோபத்தில் அப்பா ஒரு வருடம் அவரோடு பேசாமல் இருந்தார். பிறகு சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைப் பேண்ட் போட்டுப் போய் வர ஆரம்பித்தார். அப்பா பேச ஆரம்பித்தார்.

சித்தப்பாவின் பேச்சில் கப்பல்கள் நிறைய வரும். கேப்டன் இவரைத் தோளில் தட்டுவார். கேட்டில் நிற்கும் காவல்காரர் இவரைக் கண்டதும் எழுந்து நிற்பார். சாப்பிடும்போது அப்பா கேட்கும்படியாகவே இதையெல்லாம் சொல்வார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். ஒருநாள் எனக்குக் கப்பலின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "இதென்ன பிரமாதம், சனிக்கிழம எனக்கு அரை நாள்தான, கூட்டிட்டுப் போறேன்" என்றுவிட்டார் சித்தப்பா.

முதல் சனிக்கிழமை நான் ரிப்பன் கட்டிக்கொண்டு தயாராக நின்றபோதுதான் அம்மா கேழ்வரகில் கடுகைக் கொட்டினாள். கொட்டிவிட்டு, "ஏளா, இதப் பிரிச்சு வச்சிட்டுப் போ, ராத்திரிக்கு வேணும்" என்றாள். நான் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கினேன். பொறுக்கி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சித்தப்பா பேண்டை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டு, அடுத்த வாரம் போகலாம் என்று என்னைத் தேற்றினார். அவருக்கு அன்று ராத்திரி நல்ல பசி.

அந்த வாரம்தான் பள்ளியில் கலவைகளைப் பிரிக்கும் பாடம் வந்தது. கையால் தெரிந்தெடுப்பது, தூற்றுவது, சலிப்பது, தெளியவைத்து இறுப்பது, காந்தத்தால் இழுப்பது என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நான் கையால் தெரிந்தெடுப்பதிலேயே ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தவள். மற்ற முறைகளை வேதவசனம் போல மனப்பாடம் செய்துகொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை அம்மா அப்பாவின் குண்டூசி டப்பாவை ரவையில் கவிழ்த்தாள். நான் கலங்கவில்லை. அப்பாவின் பெட்டியிலிருந்த லாடக் காந்தத்தை எடுத்து வந்து ரவைமேல் ஓட்டினேன். குண்டூசியெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. சித்தப்பா ஷூவுக்கு லேஸ் கட்டி முடிக்கவில்லை, நான் வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு இருந்ததாக நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் லேசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கப்பலில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, மஞ்சள் கொடி ஏற்றிவிட்டார்கள், சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார். நான் அழுதேன். அம்மா ரவையை ஒரு தடவை சலித்து டப்பாவில் போட்டாள்.

இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சித்தப்பாவுக்குத் துறைமுகத்துக்குள் போகும் பாஸ் கிடையாது. கேட்டுக்கு வெளியே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் தற்காலிகமாகப் பில் எழுதிக்கொண்டிருந்தார். என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பந்தல் போடுகிற இடத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த நாளில் இது வெளியே தெரிந்திருந்தால் அப்பா அவரை அன்றைக்கே சொந்த ஊருக்கு, நாசரேத் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பார், அடுத்த பேச்சு யாராவது செத்தால்தான்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். தான் சொன்னதே இல்லை என்றார். ஆனால் அவருடைய சட்டைகளைத் துவைத்தவள் அம்மா. துறைமுகத்துக்குள் போய் வருகிற ஆட்களின் சட்டைக் காலர் நிலக்கரித் தூசியில் கறுத்திருக்கும். எங்கள் தெருவில் துணி காயும் கொடிகளிலெல்லாம் அப்படித்தான் தொங்கும். சித்தப்பாவின் சட்டையில் கை ஓரத்தில் மட்டும் மை. காலர் தும்பைப் பூ. கொழுந்தனிடம் போய், நீ உள்ளே போவதே இல்லையே என்று கேட்க அம்மாவால் முடியாது. பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. புருஷன் வீட்டுக்காரரை நம்பவில்லை என்றாகிவிடும். ஒருவேளை அவளுக்குக் கடல்மேல் இருந்த பயம் மட்டும்தான் காரணமோ என்னவோ. என் மகன் தண்ணீர் வாளிப் பக்கம் போனாலே நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறேன். எனக்கு இப்படியும் தோன்றுகிறது, அப்படியும் தோன்றுகிறது.

விஷயம் மூன்றாவது சனிக்கிழமையில் முற்றியது. காந்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாடத்தை வீட்டில் செய்து பார்த்த பிள்ளைக்குப் பரிசாகத் தானும் கூட வருவதாகச் சொன்னார். "ஏலே, நானும் வாரேன். உன் கேப்டன்ட்ட நம்மள அறிமுகப்படுத்து" என்றார். சித்தப்பா தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா உரலில் கல்லுப்பு இடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மாவாக இடிக்கவில்லை. இரண்டு குத்துக் குத்துவாள், விரலில் எடுத்துப் பார்ப்பாள், சீனி டப்பாவைத் திறந்து அதையும் எடுத்துப் பார்ப்பாள். மத்தியானம் மூன்று பேரும் கிளம்பி நின்றோம். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். அடுப்படியில் டம்மென்று சத்தம் கேட்டது. ரேஷனில் வாங்கின அந்த மாதச் சீனி முழுவதிலும் உப்பு விழுந்துவிட்டது. விழுந்ததோடு கொஞ்சம் கலந்தும்விட்டது.

நான் உஷாராக, "வந்து பிரிச்சுத் தாரேன்ம்மா" என்று வாசலைப் பார்த்து நடந்தேன். அம்மா என்னைக் கவனிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "இத யாராலயும் பிரிக்க முடியாதுங்க. சாக்கடையில கொட்டிருதேன்" என்றாள்.

அப்பா செருப்பைக் கழற்றினார்.

"யார் சொன்னா முடியாதுன்னு? இது நல்ல கலவை."

முதலில் சலித்தார். இரண்டும் ஒன்றாகக் கீழே போயின. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, உப்பு சதுரமாக இருக்கிறது, சீனி சாய்வாக இருக்கிறது என்று குதூகலமாகக் கூவினார். ஈர ஊசியால் உப்பை மட்டும் ஒற்றி எடுக்க முயன்றார். அரைக் கரண்டி உப்பு சேர்வதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினார். சுண்டக் காய்ச்சினால் ஒன்று முந்திப் படியும், மற்றது பிந்தும் என்றார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி கடைசிவரை சேர்ந்தே இருந்து, ஒரு பழுப்புப் பாகாகப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டன.

நான் எறும்பு முறையைச் சொன்னேன். ஒரு தட்டில் பரப்பி வைத்தால் எறும்பு சீனியை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும், அப்போது பிரிந்ததாகத்தானே அர்த்தம்? அப்பா அதைப் பொறுமையாக ஆலோசித்தார்.

"சரி, சீனிய எறும்பு வீட்டுக்குப் போயி யாரு வாங்கிட்டு வருவா? நானா?" என்றார் சித்தப்பா. மூன்று வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பாகைக் கிண்டுவதற்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள். அவ்வளவு நெருக்கமாக அவர்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கப்பல் சங்கு ஊதியபோது வெளிச்சம் மங்கிவிட்டது. அப்பா நிமிர்ந்து, "அடடா, கப்பல்" என்றார். நான் ரிப்பனை அவிழ்த்து எறிந்துவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். இனி ஒரு நல்ல நாளாகப் பார்த்துப் போவோம் என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கப்பல் என்றால் அவருக்குத் தோற்றுப்போன பாகுதான் ஞாபகம் வந்திருக்கும்.

அம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். வீட்டில் வேறு சீனி இல்லை. காய்ச்சாமல் மிச்சம் கிடந்ததைத்தான் போட்டிருந்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து டம்ளரைக் கீழே வைத்தார். நாளையிலிருந்து கருப்பட்டி போடு என்றார். நான் நக்கிப் பார்த்தேன். கடல் தண்ணீரில் யாரோ பாயசம் வைத்த மாதிரி இருந்தது.

சித்தப்பா குடித்தார். நிறுத்தாமல் அண்ணாந்து குடித்து முடித்து, டம்ளரின் அடியில் தங்கியதையும் விரலால் வழித்தார். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அம்மாவிடம் நீட்டினார்.

"நல்லா இருக்கு மைனி. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள். அதையும் அவர் குடித்தார். கப்பலைத் தவறவிட்ட துக்கத்திலும் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை கப்பல்களைப் பார்த்தவருக்கு நாக்கில் ருசி என்பதே இல்லாமல் போய்விட்டதே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.