பந்துக்குள் ஒரே ஒரு வெற்றிடம்

நரெல் பாஸ்கோ சிரித்தால் மூன்றாம் மாடி வரை கேட்கும். சனிக்கிழமைகளில் இப்ஸ்விச் நீச்சல் குளத்தில் பிள்ளைகளை விரட்டிப் பழகிய தொண்டை அது. மற்ற நாட்களில் ரயிலேறி பிரிஸ்பேன் வந்து, எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்தில் உயிரணுக்களை வளர்ப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக அதுதான் வேலை. எப்போதோ ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த அந்த உயிரணுக்களை அவர் 'குட்டிகள்' என்பார்.

உயிரணு வளர்ப்பதற்கென்றே உள்ள குளிர்ந்த கூழில் குட்டிகளைக் கலந்து தட்டில் விதைத்தால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஐந்து நாளில் மிகச் சிறிய பந்தாகும். பந்தின் நடுவே ஒரே ஒரு வெற்றிடம் திறக்கும். அதை யாரும் தோண்டுவதில்லை. சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த ஒரு புரதம், இரண்டு உயிரணுக்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் வந்து கூடுகிறது. இரு பக்கமும் ஒரே மின்னேற்றம் என்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகுகின்றன. வெற்றிடம் என்றால் வெறும் இல்லாமை என்றே நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அதற்கும் யாரோ உழைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் புரதமே இல்லாத குட்டிகளை நரெல் ஏழு மாதம் பாடுபட்டு உருவாக்கியிருந்தார். ஒரு மருந்தைச் சேர்த்தால் மட்டும் அவை புரதத்தைச் சுரக்கும். மருந்து கூடினால் புரதமும் கூடும். அவரது ஆய்வுக்கூடத்தின் தலைவர் லாக்லன், மெல்பர்ன்காரர், மூன்று முறை முழு அளவு மருந்து போடச் சொன்னார். மூன்று முறையும் நடுவே ஒன்று திறப்பதற்குப் பதில் ஒவ்வொரு பந்திலும் ஐந்தாறு சின்ன ஓட்டைகள் விழுந்தன.

"கண்ணு, மருந்தக் கால்வாசியாக் குறைச்சுப் பாரு" என்றார் நரெல். அவருக்கு எல்லோருமே கண்ணுதான்.

"குறைச்சா புரதம் பத்தாதே, நரெல்."

"குட்டிங்க மேல பூரா புரதத்த அப்பி வெச்சிருக்க. எங்க கூடுறதுன்னே அதுக்குத் தெரியல. கண்ட இடத்துல எல்லாம் திறக்குது."

"ஆதாரம் என்ன?"

"என் ரெண்டு கண்ணு. பத்தொம்பது வருஷ சர்வீஸ்."

லாக்லன் சிரித்துவிட்டார். "சரி, ஒரே ஒரு தடவை. வரலன்னா குட்டிங்க எல்லாம் உறைபெட்டிக்குள்ள போயிடும். அதுக்கப்புறம் இதப் பத்தி நீங்க வாயே திறக்கக் கூடாது."

"உறைபெட்டியாவது பரவாயில்ல. நான் வாயை மூடறதா?"

ஒரு விடையை விரும்புகிறவரே பந்துகளை எண்ணக் கூடாது என்பது இங்கே வழக்கம். அதனால் பக்கத்து நுரையீரல் ஆய்வுக்கூடத்திலிருந்து என்னை அழைத்தார்கள். அலுவலகத்து மெரில், மூன்று தட்டுகளின் பெயர்களை மறைத்து, குக்கபுரா, எமு, மேக்பை என்று பறவைப் பெயர்களை ஒட்டி, எது எதுவென்ற குறிப்பை உறையில் போட்டு மூடிவிட்டாள்.

புதன்கிழமை காலை நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தேன். இருவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"மூச்சு விடாதீங்க, மேசை ஆடுது" என்றேன்.

"நான் எங்க விட்டேன்? மெல்பர்ன்தான் விடுது" என்றார் நரெல்.

தட்டுக்கு நூறு பந்துகள் எண்ண வேண்டும். குக்கபுராவில் பெரும்பாலும் கெட்டி உருண்டைகள். எமுவில் பலவும் ஓட்டை ஓட்டையாக இருந்தன. மேக்பையில் முதல் பந்தில் ஒற்றை வெற்றிடம். அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

"இவன் காது செவக்குது பாரு!"

"காதுல ஜோசியம் பாக்காதீங்க நரெல்" என்ற லாக்லனும் என் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கைச் சொன்னேன். ஒற்றை வெற்றிடம் உள்ளவை: குக்கபுரா ஒன்பது, எமு இருபத்து மூன்று, மேக்பை எண்பத்தொன்று. மெரில் உறையைக் கிழித்தாள்.

"குக்கபுரா, மருந்தே இல்ல. எமு, முழு மருந்து. மேக்பை..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கால்வாசி!"

நரெல் கத்துவார் என்று காதைப் பொத்தத் தயாரானேன். அவர் கத்தவில்லை. மெரிலின் இடுப்பைப் பிடித்து நடைபாதையில் சுழற்ற ஆரம்பித்தார். குளிர்பெட்டி அறையிலிருந்து இருவர் எட்டிப் பார்த்து, என்னவென்றே தெரியாமல் கைதட்டினார்கள். லாக்லன் குறுக்கே போய் மாட்டிக்கொண்டு அவரும் இரண்டு சுற்று சுற்றினார்.

"ஒரு தடவை வந்தது பத்தாது" என்று மூச்சிரைக்கச் சொன்னார் லாக்லன். "இன்னும் ரெண்டு தடவை வரணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நரெல் கூழை எடுத்து ஐஸில் வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னயத்தான் கண்ணு" என்றார் என்னிடம், "அடுத்த வாரமும் எண்ண வா. தொப்பி போட்டுக் காதை மூடிக்கிட்டு வா."