ஒரு சுளகு தவிடும் ஒரு பிறப்புப் பதிவும்

நான் ஓரிடத்தில் இருக்க மாட்டாத ஆள். தையல் மெஷினுக்கு முன்னால் மட்டும் மணிக்கணக்கில் இருப்பேன், அதுவும் கால் ஆடிக்கொண்டிருப்பதால். பிரதேச செயலகத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கையில் இலக்கத் துண்டைத் தந்தால் எனக்கு என்ன ஆகும் என்று என் மகளுக்கு நன்றாகத் தெரியும். டோஹாவிலிருந்து காலையிலேயே குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அம்மா, அங்க போய் ஆரோடயும் கொழுவாதீங்க. பேப்பர எடுத்துக்கொண்டு வாங்க. அவ்வளவுதான்."

அவளுக்குத் தலைப்பிரசவம். இன்னும் பதினைந்து கிழமை, மூன்றரை மாதம், இருந்தது. அங்கே அவளும் மருமகனும் தவிர ஒரு நாதி இல்லை. மருமகன் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பாஸ்போட் வேண்டும். பாஸ்போட்டுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். என்னிடம் அது ஒருநாளும் இருந்ததில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா தேடிப் பார்த்தாராம். பதிவு கிடைக்கவில்லையாம். அதிபர் தெரிந்த மனிதர், சேர்த்துக்கொண்டார். பிறகு அடையாள அட்டைக்காக உத்தேச வயதுப் பத்திரம் ஒன்று எடுத்தோம். இவள் பிறந்ததற்குப் பதிவு இல்லை, வயது இவ்வளவு இருக்கலாம் என்று சொல்கிற காகிதம் அது. இடம்பெயர்ந்து ஓடியபோது அதுவும் பெட்டியோடு போய்விட்டது. கையில் மிஞ்சிய அடையாள அட்டையை வைத்துக்கொண்டே கலியாணமும் செய்தேன், பிள்ளையும் பெற்றேன், கடையும் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை.

கச்சான் காற்று அடிக்கிற மாதம். செயலகத்தின் யன்னல்கள் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தன. என் இலக்கம் வருவதற்குள் நான் நாலு தரம் வெளியே போய் வாவியைப் பார்த்துவிட்டு வந்தேன். வாவி அப்படியேதான் இருந்தது. ஐந்தாவது தரம் எழும்பும்போது பக்கத்தில் இருந்தவர், "நீங்க போயிட்டு வாங்க, கூப்பிட்டா நான் சொல்றன்" என்றார். அதைக் கேட்டதும் வெட்கமாகிப் போய் மறுபடி இருந்துவிட்டேன்.

பதிவுப் பிரிவில் இருந்த மிஸ்ஸுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், ஊர், பிறந்த நாள் எல்லாம் கேட்டுக் கணினியில் தேடினார். இல்லை. முந்தின வருடத்தில் தேடினார். பிந்தின வருடத்திலும் தேடினார். பழைய பதிவேட்டின் அட்டவணையைக்கூட எடுத்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இல்லை.

"உத்தேச வயதுப் பத்திரம் திரும்ப எடுக்கலாம் அக்கா. ஆனா முதல்ல உண்மையா பதிவு இல்லையெண்டு நாங்க உறுதிப்படுத்தோணும். வேற பேரில பதிஞ்சிருக்குமா எண்டு வீட்டில ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

"பிறந்தது நான். வேற ஆக்கள்ர பேரில எப்பிடி மிஸ் பதியிற?"

அவர் கோபப்படாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கொழுவவில்லை, அது மகளுக்காக.

அங்கிருந்தே பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போனேன். அப்பா செத்த பிறகு அம்மா அங்கே தங்கச்சியின் வீட்டில் இருக்கிறார். முற்றத்தில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம், தண்ணீர்கூடக் குடிக்காமல் பாய்ந்தேன்.

"பிள்ளையப் பெத்தா பதியோணும் எண்டு தெரியாதா உங்களுக்கு? தங்கச்சிக்கு இரிக்கி, தம்பிக்கு இரிக்கி. எனக்கு மட்டும் இல்ல. நான் என்ன ஆத்தில வந்தவளா?"

"எப்ப பாத்தாலும் கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரித்தான் நீ. இரி முதல்ல."

இருந்தேன். அம்மா இரண்டு காய் நறுக்கி முடித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"பதிவுக்கு உங்கப்பா போகல்ல. அந்த நேரம் நீ எங்கட பிள்ளையில்லையே."

நான் விற்கப்பட்ட பிள்ளை என்பது எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன் பிறந்த இரண்டும் ஒரு மாதம்கூட முடியாமல் செத்துப்போயின. மூன்றாவது நான். இவர்களுக்குப் பிள்ளை தங்காது என்று விதி எழுதியிருந்தால், பிள்ளையை வேறு வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டால் விதி ஏமாந்துபோகும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. பிறந்த அன்றே பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் என்னைப் பக்கத்து வளவு மாமியிடம் நீட்டி, அவரிடமிருந்து ஒரு சுளகு தவிட்டை வாங்கிக்கொண்டார்கள். மாமிக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பேர் வைத்ததும் அவர்தான். மூன்று மாதம் நான் அந்த வீட்டில் கிடந்தேன். அம்மா பால் கொடுக்கப் போகும்போதுகூட, "உங்கட பிள்ளைக்குப் பால் குடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவாராம். மூன்று மாதம் முடிந்து, இரண்டு சுளகு தவிடு கொடுத்து என்னைத் திரும்ப வாங்கினார்கள். சின்ன வயதில் என்னைச் சீண்ட நினைத்தவர்களெல்லாம், "தவிட்டுக்கு வந்தவளே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இது எல்லாம் தெரிந்த கதை. பிறப்பைப் பதிகிற நாள் அந்த மூன்று மாதத்துக்குள் வந்துபோனது என்பதைத்தான் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"பதிவு முடிஞ்சுது எண்டு பக்கத்து வளவு மாமாதான் வந்து சொன்னவர்" என்றார் அம்மா. "நாங்க என்னத்தக் கண்டம்? எங்கட பேரத்தான் குடுத்திருப்பார் எண்டு நினைச்சம். உன்னப் பள்ளிக்கூடத்தில சேர்க்கிற நேரம் கேக்க அவர் உயிரோட இல்ல."

அடுத்த நாள் செயலகத்துக் கதவு திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். மாமாவின் பெயரைச் சொன்னேன். அவர் செத்து நாற்பது வருடத்துக்கு மேல். மிஸ் பெயரை அடித்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர் இருந்தது. நான் பிறந்த நாள் இருந்தது. தகப்பன் என்ற இடத்தில் மாமா, தாய் என்ற இடத்தில் மாமி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"இது எனக்குச் சரிவராதே மிஸ்."

"வராதுதான் அக்கா. உங்கட அடையாள அட்டையில வேற தகப்பன்ர முதலெழுத்து. திருத்தம் போடோணும். பதிவில இரிக்கிற தாயும், உண்மையாப் பெத்த தாயும் சத்தியக் கடதாசி குடுக்கோணும். மேலிடத்துக்குப் போய்த்தான் வரும்."

"எத்தின நாள் ஆகும்?"

"சொல்லேலாது அக்கா."

பதினைந்து கிழமையில் ஒரு நாள் கழிந்துவிட்டது.

மாமி இப்போதும் அதே வளவில் தனியாகத்தான் இருக்கிறார். நான் போனபோது கோழிகளுக்கு அரிசிக் குறுநல் எறிந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் திடுக்கிடவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

"ஓம் புள்ள. அவர்தான் போய் எழுதினவர். இப்ப நம்மட பிள்ளை, நம்மட பேர்தான் சொல்லோணும், பொய் சொன்னா வித்தது செல்லாம போயிரும், பிள்ளைக்கு ஒண்டு ஆயிரும் எண்டார்."

"சரி. மறுகா சொல்லியிருக்கலாந்தானே? எங்கப்பா எத்தின இடத்தில தேடித் திரிஞ்சார். நீங்க பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க?"

"ஓம். பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

 குறுநலை எறிந்துகொண்டே நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவின் அலைச்சல் மிச்சம், என் அலைச்சல் மிச்சம். மகள் அங்கே தனியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க, நான் இங்கே கோழிகளுக்கு நடுவில் நின்று கெஞ்ச வேண்டியிருக்காது. திங்கட்கிழமை சத்தியக் கடதாசி எழுதச் சமாதான நீதவானிடம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, வாறன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அந்தச் சமாதான நீதவான் ஓய்வுபெற்ற வாத்தியார். வீட்டு முன்னறையில் மேசை போட்டிருந்தார். திங்கட்கிழமை அம்மாவையும் மாமியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் இருவரும் நெல் விலை பேசினார்கள். 

அவர் தட்டச்சு செய்த தாளை மாமிக்கு வாசித்துக் காட்டினார். மேற்படி பிள்ளையைப் பெற்ற தாய் நான் அல்ல என்ற இடத்தில் மாமி தலையை ஆட்டினார். என் கணவர் தவறுதலாகக் கொடுத்த தகவலின்படி என்று வந்ததும் கையை நீட்டி மறித்தார்.

"அது இல்ல சேர். அவர் தவறுதலா ஒண்டும் குடுக்கல்ல."

"அம்மா, இது சும்மா வழமையா எழுதிறதுதான். காரணம் ஒண்டு வேணும்."

"பிழையெண்டு எழுதினா நான் கையெழுத்து வைக்க மாட்டன். அண்டைக்குப் பிள்ளை எங்கட."

அம்மா குறுக்கே வந்தார். "நான் வித்தனான் சேர். வித்தது எண்டே எழுதுங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளைய வித்தது எண்டு எழுதினா இது வேற எங்கயோ போய் நிக்கும், தாயே."

நான் எழும்பிவிட்டேன். அறை சின்னது, நடக்க இடமில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்று, "மாமி, எனக்கு நாள் போகுது. ஒரு சொல்லுத்தானே? வச்சிருங்களன்" என்றேன்.

"உனக்கு ஒரு சொல்லு" என்றார் மாமி. குரலை உயர்த்தவில்லை.

வாத்தியாரின் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், செயலகம் மூட ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. இவ்வளவு காலம் மூடி வைத்ததும் போதாமல் இப்போது நியாயம் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் எரிந்தது. அம்மா அவரைச் சமாதானப்படுத்துவார் என்று நினைத்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேசையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்," என்றார் அம்மா மெதுவாக. "அந்த மூணு மாதமும் இவளுக்குத் தாய் அவதான். அத நான் சொல்றன். அப்பிடி எழுதேலாதா?"

வாத்தியார் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டு வேறு எழுதி வாசித்தார். ஊர் வழக்கப்படி பிள்ளை எங்கள் பொறுப்பில் இருந்த காலத்தில், என் கணவர் நல்லெண்ணத்துடன் கொடுத்த தகவலின்படி.

மாமி அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேனையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். 

தாள்களைச் செயலகத்தில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மாணவியின் வெள்ளைச் சட்டையில் கையை மாற்றித் தைத்தேன். மிஸ்ஸுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். கடைசியில் அவரே, "அக்கா, வந்தா நானே எடுக்கிறன், நீங்க எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே எடுத்தார். பாஸ்போட்டும் விசாவும் ஓடி ஓடி எடுத்தேன். பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது விமானச் சீட்டு கையில் இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் படுவான்கரைக்குப் போனேன். அம்மா மாமியின் வீட்டு விறாந்தையில் இருந்தார். திருத்திய பிரதியை இருவருக்கும் காட்டினேன். அம்மா தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மாமியிடம் கொடுத்தார்.

"என்ர பேர அழிச்சிட்டாங்களா?"

"இல்ல மாமி. பழைய பதிவ அழிக்க மாட்டாங்களாம். திருத்தினது எண்டு ஓரத்தில எழுதியிரிக்கி. பாருங்க, உங்கட பேரும் கிடக்கு."

மாமியால் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. ஆனாலும் நான் விரல் வைத்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று நான் திரும்பக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

"நீ திரும்ப வாங்கத் தவிடு கொண்டந்த அண்டு மத்தியானம் வரைக்கும் நான் கதவு திறக்கல்ல."

"மத்தியானம் இல்லகா" என்றார் அம்மா. "பொழுதுபட்டுத்தான் திறந்த நீ. நான் சுளகோட படியிலதான் கிடந்தன்."

"தெரியும்" என்றார் மாமி. "பிள்ளைய மடியில வச்சிக்கொண்டு யன்னலால உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்."